தரவுத்தளப் பாதுகாப்பின் வரலாறு

தரவுத்தளப் பாதுகாப்பு என்பது கணினியில் ஒரே இடத்தில் சேர்த்து வைக்கப்பட்ட தரவை யார் பார்க்கலாம், யார் மாற்றலாம், ஒரு மாற்றம் பாதியில் நின்றுபோனால் தரவு என்னவாகும் என்பவற்றை முறைப்படுத்தும் துறை. தரவுத்தள மேலாண்மையும் தகவல் பாதுகாப்பும் இன்று இரு தனிப் பாடங்களாகக் கற்பிக்கப்பட்டாலும், இரண்டும் 1960களில் ஒரே சிக்கலிலிருந்து பிறந்தவை. அதற்கு முன் சிதறிக் கிடந்த தரவு ஒரே இடத்தில் குவிந்தது. ஒருவர் மட்டும் பயன்படுத்திய கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தத் தொடங்கினர். குவிப்பு தந்த வசதியும் அதனால் வந்த ஆபத்தும் ஒன்றாகவே வளர்ந்தன.

இத்துறையின் அடிப்படைக் கருத்துகளில் பெரும்பாலானவை 1961 முதல் 1980 வரையிலான இருபது ஆண்டுகளில் அமெரிக்க ஆய்வகங்களில் உருவானவை. பின்னாளில் நிகழ்ந்த பெரிய தரவுக் கசிவுகளில் பலவும், அந்தக் காலத்திலேயே கண்டறியப்பட்டுத் தீர்வும் எழுதிவைக்கப்பட்ட குறைகளால் ஏற்பட்டவை.

கோப்புகளின் காலம்

1950களில் வணிக நிறுவனங்களின் கணினிகள் தரவைத் துளை அட்டைகளிலும் காந்த நாடாக்களிலும் வைத்திருந்தன. ஒவ்வொரு நிரலுக்கும் அதற்கே உரிய கோப்பு இருந்தது. சம்பளக் கணக்குக்கு ஒரு நாடா, ஓய்வூதியக் கணக்குக்கு வேறொரு நாடா. ஒரே ஊழியரின் முகவரி இரண்டிலும் இரண்டு விதமாக இருக்கக்கூடும். ஒரு பெயரைத் தேட வேண்டுமானால் நாடாவைத் தொடக்கத்திலிருந்து வரிசையாகப் படித்தாக வேண்டும். இந்தக் காலத்தில் பாதுகாப்பு என்பது கணினி அறையின் கதவுப் பூட்டும், நாடாக்களை அடுக்கி வைத்த அலமாரியின் சாவியும்தான். உள்ளே நுழைய முடியாதவரால் தரவைத் தொடவும் முடியாது.

1956இல் ஐபிஎம் நிறுவனம் வெளியிட்ட 305 ராமாக் கணினி வட்டு நினைவகத்துடன் வந்தது. 24 அங்குல விட்டமுள்ள 50 வட்டுகளில் 50 லட்சம் எழுத்துகளைச் சேமிக்க முடிந்தது. நாடாவைப் போலன்றி, வேண்டிய பதிவை நேராகச் சென்று எடுக்கலாம். இதன் பிறகே எல்லா நிரல்களுக்கும் பொதுவான ஒரு தரவுக் களஞ்சியம் என்ற எண்ணம் நடைமுறைக்கு வந்தது.

ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் பணியாற்றிய சார்லஸ் பேக்மன் 1960களின் தொடக்கத்தில் உருவாக்கிய ஒருங்கிணைந்த தரவுக் களஞ்சியம் என்ற மென்பொருள், முதல் தரவுத்தள மேலாண்மை அமைப்புகளில் ஒன்றாகக் கருதப்படுகிறது. அதில் ஒரு பதிவிலிருந்து இன்னொரு பதிவுக்குச் சுட்டிகள் வழியாகச் செல்ல வேண்டும். இதற்காக பேக்மனுக்கு 1973இல் டூரிங் விருது வழங்கப்பட்டது. அதே காலத்தில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனமும் ஐபிஎம்மும் இணைந்து சேபர் என்ற விமானப் பயணச்சீட்டு முன்பதிவு அமைப்பை உருவாக்கின. அப்பல்லோ விண்கலத்தின் உதிரிபாகங்களைக் கணக்கில் வைக்க ஐபிஎம் தொடங்கிய ஐஎம்எஸ் என்ற படிநிலைத் தரவுத்தளம் 1968இல் இயங்கத் தொடங்கியது.

நேரப்பகிர்வும் கடவுச்சொல்லும்

ஒரு கணினியைப் பல முனையங்களிலிருந்து பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் முறைக்கு நேரப்பகிர்வு என்று பெயர். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் (எம்ஐடி) ஃபெர்னாண்டோ கோர்பட்டோ தலைமையில் உருவான சிடிஎஸ்எஸ் என்ற அமைப்பு 1961 நவம்பரில் முதன்முதலாகச் செய்து காட்டப்பட்டது. இதில் ஒவ்வொருவருக்கும் தனிக் கோப்புகள் இருந்ததால் ஒருவரை மற்றவரிடமிருந்து பிரித்தறிய வேண்டியிருந்தது. அதற்காகக் கடவுச்சொல் பயன்படுத்தப்பட்டது.

அதன் பலவீனம் உடனே வெளிப்பட்டது. ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவருக்கு வாரத்திற்கு நான்கு மணி நேரக் கணினிப் பயன்பாடே ஒதுக்கப்பட்டிருந்தது. அவருடைய ஆய்வுக்கு அது போதவில்லை. ஒரு கோப்பின் பெயரைத் துளை அட்டையில் எழுதிக் கொடுத்தால் அதை அச்சிட்டுத் தரும் வசதி இருந்தது. 1962இல் அவர் கடவுச்சொற்கள் இருந்த கோப்பின் பெயரை அட்டையில் கொடுத்தார். அச்சுப்பிரதி வந்து சேர்ந்தது. பிறருடைய கணக்குகளில் நுழைந்து தம் வேலையைத் தொடர்ந்தார். இதை ஏறத்தாழ 25 ஆண்டுகள் கழித்தே அவர் வெளியில் சொன்னார்.

1960களின் நடுவில் அதே சிடிஎஸ்எஸ் அமைப்பில் நடந்த மற்றொரு நிகழ்வு இதைவிட முக்கியமானது. உள்நுழையும் எல்லோருக்கும் காட்டப்படும் அன்றைய அறிவிப்பை ஒருவர் திருத்திக்கொண்டிருந்தார். அதே நேரத்தில் இன்னொருவர் கடவுச்சொல் கோப்பைத் திருத்திக்கொண்டிருந்தார். உரை திருத்தும் நிரல் இருவருக்கும் ஒரே பெயரில் தற்காலிகக் கோப்பை உருவாக்கியது. இரண்டும் இடம் மாறின. அதன்பின் உள்நுழைந்த ஒவ்வொருவருடைய முனையத்திலும், அறிவிப்புக்குப் பதிலாக எல்லோருடைய கடவுச்சொற்களும் அச்சாகி வந்தன.

இங்கே யாரும் திருடவில்லை, யாரும் விதியை மீறவில்லை. இருவர் ஒரே நேரத்தில் எழுதியபோது அவர்களைப் பிரித்து வைக்க எந்த ஏற்பாடும் இல்லாததே காரணம். பிற்காலத்தில் தரவுத்தள அறிஞர்கள் ஒருங்குநிகழ்வுக் கட்டுப்பாடு என்று பெயரிட்ட அதே சிக்கல், இங்கு இரகசியக் கசிவாக வெளிப்பட்டது. கடவுச்சொற்கள் எழுதியபடியே சேமிக்கப்பட்டிருந்ததும் சேதத்தை முழுமையாக்கியது.

தேசியத் தரவு மையம் பற்றிய சர்ச்சை

தரவுக் குவிப்பின் ஆபத்து ஆய்வகங்களுக்கு வெளியிலும் உணரப்பட்டது. அமெரிக்க அரசின் பல துறைகளிடம் இருந்த புள்ளிவிவரத் தரவை ஒரே இடத்தில் சேர்த்து வைக்கும் தேசியத் தரவு மையம் ஒன்றை அமைக்கலாம் என 1965இல் பரிந்துரைக்கப்பட்டது. ஆய்வாளர்களுக்குப் பயன்படும் என்பதே நோக்கம். ஆனால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, வருமான வரி, சமூகப் பாதுகாப்பு ஆகியவற்றின் விவரங்கள் ஒன்றாகச் சேர்ந்தால் ஒவ்வொரு குடிமகனுக்கும் ஒரு முழுக் கோப்பு உருவாகிவிடும் என்ற அச்சம் எழுந்தது. 1966இல் நாடாளுமன்றக் குழு விசாரணை நடத்தியது. இறுதியில் மையம் அமைக்கப்படவில்லை.

இந்த விவாதத்திலிருந்து சட்டங்கள் பிறந்தன. ஜெர்மனியின் ஹெசன் மாநிலம் 1970இல் உலகின் முதல் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. நாடளாவிய முதல் சட்டத்தைச் சுவீடன் 1973இல் கொண்டுவந்தது. அதே ஆண்டு அமெரிக்க அரசின் சுகாதாரம், கல்வி, நலத்துறை அமைத்த குழு தன் அறிக்கையை வெளியிட்டது. குழுவின் தலைவர், ராண்ட் நிறுவனத்தைச் சேர்ந்த வில்லிஸ் வேர். இரகசியமான ஆள்விவரப் பதிவேடு எதுவும் இருக்கக் கூடாது. தன்னைப் பற்றி என்ன பதிவாகியுள்ளது என்று ஒருவர் அறிய வழி வேண்டும். பிழையைத் திருத்த வழி வேண்டும். ஒரு நோக்கத்திற்காகப் பெற்ற விவரத்தை இசைவின்றி வேறு நோக்கத்திற்குப் பயன்படுத்தக் கூடாது. தரவை வைத்திருப்பவரே அதன் நம்பகத்திற்கும் காப்புக்கும் பொறுப்பு. இந்த ஐந்து நெறிகள் 1974இன் அமெரிக்கத் தனியுரிமைச் சட்டத்துக்கும், பின்வந்த பல நாட்டுச் சட்டங்களுக்கும் அடிப்படையாயின.

உறவுநிலை மாதிரி

1970 ஜூனில் அமெரிக்கக் கணினிச் சங்கத்தின் ஆய்விதழில், ஐபிஎம்மின் சான் ஹொசே ஆய்வகத்தைச் சேர்ந்த எட்கர் காட் எழுதிய கட்டுரை வெளியானது. பலர் பகிர்ந்துகொள்ளும் பெரும் தரவு வங்கிகளுக்கான உறவுநிலை மாதிரியைப் பற்றியது அது. இங்கிலாந்தில் பிறந்த காட், இரண்டாம் உலகப் போரில் அந்நாட்டு விமானப் படையில் விமானியாக இருந்தவர்; ஆக்ஸ்ஃபோர்டில் கணிதம் பயின்றவர்.

காட் முன்வைத்த கருத்து எளிமையானது. தரவு முழுவதையும் வரிசைகளும் நெடுவரிசைகளும் கொண்ட அட்டவணைகளாகக் காணலாம். ஒரு பதிவிலிருந்து இன்னொன்றுக்குச் செல்லும் சுட்டிகள் பயனருக்குத் தெரிய வேண்டியதில்லை. எது வேண்டும் என்று பயனர் சொன்னால் போதும். அதை எப்படித் தேடி எடுப்பது என்பது அமைப்பின் பொறுப்பு. வட்டில் தரவு எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்று அறிந்தாக வேண்டிய நிலையிலிருந்து பயனரைக் காப்பதே நோக்கம் என்று கட்டுரை தொடங்குகிறது. இங்கே காப்பு என்ற சொல் இரகசியத்தைக் குறிக்கவில்லை. ஆனாலும், பயனருக்கும் தரவுக்கும் நடுவே ஓர் அமைப்பு நிற்க வேண்டும் என்ற இந்தக் கொள்கையே பின்னர் அனுமதிக் கட்டுப்பாட்டுக்கு இடம் கொடுத்தது. எல்லாக் கேள்விகளும் ஒரே வாசல் வழியாக வந்தால், அந்த வாசலில் காவலும் வைக்கலாம்.

ஐஎம்எஸ் விற்பனையில் நன்றாக இருந்ததால் ஐபிஎம் இந்தக் கருத்தை மெதுவாகவே ஏற்றது. காட் 1981இல் டூரிங் விருது பெற்றார், 2003இல் காலமானார்.

சிஸ்டம் ஆர், இங்க்ரெஸ்: அனுமதி வழங்குதலும் திரும்பப் பெறுதலும்

உறவுநிலை மாதிரி நடைமுறைக்கு ஒத்துவருமா என்று சோதிக்க ஐபிஎம் சான் ஹொசே ஆய்வகத்தில் சிஸ்டம் ஆர் என்ற திட்டம் தொடங்கப்பட்டது. டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் 1974இல் அதற்காக சீக்வெல் என்ற வினவல் மொழியை வகுத்தனர். அந்தப் பெயர் வேறொரு நிறுவனத்தின் வணிகக் குறியாக இருந்ததால் எஸ்கியூஎல் என்று சுருங்கியது. பாய்ஸ் அதே ஆண்டு இறந்துபோனார். 1986இல் அமெரிக்கத் தர நிறுவனமும் 1987இல் பன்னாட்டுத் தர அமைப்பும் எஸ்கியூஎல்லைத் தர மொழியாக ஏற்றன.

சிஸ்டம் ஆரில் பாதுகாப்புக்கு இரண்டு கருவிகள் இருந்தன. முதலாவது, பார்வை எனப்படும் கற்பனை அட்டவணை. ஊழியர் அட்டவணையில் பெயர், துறை, சம்பளம் ஆகிய மூன்று நெடுவரிசைகள் இருப்பதாகக் கொள்வோம். சம்பளத்தை விட்டுவிட்டுப் பெயரையும் துறையையும் மட்டும் காட்டும் பார்வை ஒன்றை வரையறுத்து, வரவேற்பாளருக்கு அதை மட்டும் திறந்துவிடலாம். அசல் அட்டவணை அவர் கண்ணுக்கே படாது.

இரண்டாவது, அனுமதியை வழங்கவும் திரும்பப் பெறவும் உதவும் கட்டளைகள். பட்ரீஷியா கிரிஃபித்ஸும் பிராட்ஃபோர்ட் வேடும் இதை 1976இல் விவரித்தனர். அட்டவணையை உருவாக்கியவரே அதன் உரிமையாளர். அவர் பிறருக்கு அனுமதி தரலாம். அந்த அனுமதியை மேலும் பிறருக்குத் தரும் உரிமையையும் சேர்த்துத் தரலாம். இதில் சிக்கல் அனுமதியைத் திரும்பப் பெறும்போது எழுகிறது. மாலதி செல்விக்கும், செல்வி கபீருக்கும் அனுமதி தந்திருக்கிறார்கள். மாலதி செல்வியிடமிருந்து அனுமதியைத் திரும்பப் பெற்றால் கபீரின் அனுமதியும் போக வேண்டும். ஆனால் செல்விக்கு வேறொருவரும் அனுமதி தந்திருந்தால்? அப்போது கபீரின் அனுமதி அந்த இரண்டாம் வழியாக நிலைக்க வேண்டுமா? முதல் அனுமதியே இல்லாதிருந்தால் என்ன நிலை இருந்திருக்குமோ அந்த நிலைக்கே திரும்ப வேண்டும் என்பது அவர்கள் வகுத்த விதி. அதைச் செயல்படுத்தும் முறையில் ஒரு குறை இருப்பதை ரொனால்ட் ஃபாகின் 1978இல் காட்டித் திருத்தினார்.

அதே ஆண்டுகளில் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கரும் யூஜின் வாங்கும் இங்க்ரெஸ் என்ற தரவுத்தளத்தை உருவாக்கினர். அவர்கள் 1974இல் முன்வைத்த வழி வேறு. பயனர் எதைக் கேட்டாலும் அமைப்பு அந்தக் கேள்வியோடு ஒரு நிபந்தனையைத் தானாகச் சேர்த்துவிடும். கணக்குத் துறை மேலாளர் எல்லா ஊழியர்களின் சம்பளத்தையும் கேட்டால், கணக்குத் துறை ஊழியர்கள் மட்டும் என்ற வரம்பு சேர்ந்துகொள்ளும். இங்க்ரெஸின் வழித்தோன்றலான போஸ்ட்கிரெஸ்கியூஎல்லில், 2016 ஜனவரியில் வெளியான 9.5 பதிப்பில் வரிசைவாரிப் பாதுகாப்பு என்ற பெயரில் இதே எண்ணம் மீண்டும் வந்தது.

பரிவர்த்தனையும் மீட்பும்

தகவல் பாதுகாப்புக்கு இரகசியம், நேர்மை, கிடைக்கும் தன்மை என்ற மூன்று இலக்குகள் சொல்லப்படுகின்றன. இங்கு நேர்மை என்பது தரவு தவறாக மாறிவிடாமல் இருப்பது. இந்த இலக்குக்குத் தரவுத்தளத் துறை அளித்த பெரிய கொடை, பரிவர்த்தனை என்ற கருத்து.

ஒரு வங்கிக் கணக்கிலிருந்து இன்னொன்றுக்குப் பணம் மாற்ற இரண்டு செயல்கள் வேண்டும்: ஒன்றில் கழித்தல், மற்றொன்றில் கூட்டல். முதலாவது முடிந்து இரண்டாவது நடக்கும் முன் மின்சாரம் நின்றால் பணம் காணாமல் போகும். இரண்டும் நடக்க வேண்டும், அல்லது இரண்டுமே நடக்கக் கூடாது. சிஸ்டம் ஆர் குழுவிலிருந்த ஜிம் கிரே, தம் சகாக்களுடன் 1976 முதல் வெளியிட்ட ஆய்வுகளில் இதற்கான பூட்டு முறைகளையும் மீட்பு முறைகளையும் வகுத்தார். ஒருவர் ஒரு பதிவை மாற்றும்போது அது பூட்டப்படும். அவர் முடிக்கும்வரை இன்னொருவர் அதில் எழுத முடியாது. எம்ஐடியில் கடவுச்சொல் கோப்பும் அறிவிப்பும் இடம் மாறியதைப் போன்ற விபத்துகள் இத்தகைய அமைப்பில் நேராது. ஜிம் கிரேக்கு 1998இல் டூரிங் விருது கிடைத்தது. 2007 ஜனவரியில் தனியாகப் படகில் கடலுக்குச் சென்ற அவர் திரும்பவில்லை.

மீட்பு முறைக்கு முழு வடிவம் தந்தவர்களில் முதன்மையானவர் சி. மோகன். தமிழ்நாட்டைச் சேர்ந்த இவர், சென்னை ஐஐடியில் பயின்று, டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று ஐபிஎம் ஆய்வகத்தில் சேர்ந்தார். இவரும் நான்கு சகாக்களும் 1992இல் வெளியிட்ட ஏரிஸ் முறையின்படி, தரவை வட்டில் மாற்றும் முன் அந்த மாற்றத்தைப் பற்றிய குறிப்பு ஒரு பதிவேட்டில் எழுதப்பட்டாக வேண்டும். கணினி திடீரென நின்று மீண்டும் எழும்போது அமைப்பு பதிவேட்டை மூன்று கட்டங்களில் படிக்கிறது. முதலில் எது எந்த நிலையில் நின்றது என்று கண்டறிகிறது. அடுத்து நடந்தவை அனைத்தையும் மீண்டும் செய்கிறது. கடைசியில் முடிவுறாத பரிவர்த்தனைகளை அழிக்கிறது. இன்று பயன்பாட்டிலுள்ள பல தரவுத்தளங்களின் மீட்பு முறை இதைத் தழுவியது.

இராணுவ ஆய்வுகள்

இரகசியத்தைக் காப்பதில் அதிக அக்கறை காட்டியது அமெரிக்கப் பாதுகாப்புத் துறை. வெவ்வேறு இரகசிய நிலையில் உள்ள ஆவணங்களை ஒரே கணினியில் வைக்கலாமா என்ற கேள்விக்கு விடை தேட வில்லிஸ் வேர் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. 1970இல் அது அளித்த அறிக்கை, ஆபத்து கணினிக்குள் மட்டும் இல்லை என்று சுட்டியது. தொலைத்தொடர்புக் கம்பிகள், முனையங்கள், இயக்குபவர்கள், பராமரிப்பவர்கள் என எல்லாக் கண்ணிகளிலும் கசிவு நேரலாம். இந்த அறிக்கையே சில ஆண்டுகள் இரகசியமாக வைக்கப்பட்டிருந்தது.

1972இல் ஜேம்ஸ் ஆண்டர்சன் அமெரிக்க விமானப் படைக்காக எழுதிய அறிக்கை, கண்காணிப்பு வாயில் என்ற கருத்தை முன்வைத்தது. தரவை நாடும் ஒவ்வொரு கோரிக்கையும் அந்த வாயிலைக் கடந்தாக வேண்டும். அதை யாரும் சிதைக்க முடியாதபடி இருக்க வேண்டும். சரியாக இயங்குகிறது என்று முழுமையாகச் சோதிக்கத்தக்க அளவு சிறியதாக இருக்க வேண்டும். உள்ளீட்டின் அளவையும் இடத்தையும் சரிபார்க்காத நிரலைக் கொண்டு ஒரு பயனர் இயங்குதளத்தின் மேலேயே எழுதிவிட முடியும் என்பதையும் அவர் விளக்கினார்.

1973இல் மைட்டர் நிறுவனத்தின் டேவிட் பெல்லும் லெனார்ட் லபடூலாவும் கணித மாதிரி ஒன்றை வகுத்தனர். கீழ்நிலையில் இருப்பவர் மேல்நிலை ஆவணத்தைப் படிக்கக் கூடாது. மேல்நிலையில் இருப்பவர் கீழ்நிலை ஆவணத்தில் எழுதக் கூடாது. இரண்டாம் விதி விந்தையாகத் தோன்றினாலும், இரகசியம் கீழே வழிவதைத் தடுப்பது அதுவே. இந்தக் கருத்துகள் 1983இல் வெளியான ஆரஞ்சுப் புத்தகம் என்ற தர நூலில் இடம்பெற்றன.

தரவுத்தளத்தில் இவ்விதிகளைப் பொருத்தியபோது ஒரு விசித்திரம் எழுந்தது. ஒரு விமானத்தின் எண்ணும் சேருமிடமும் உயர் இரகசியமாகப் பதிவாகியுள்ளன. அதை அறியாத கீழ்நிலை எழுத்தர் அதே எண்ணில் புதிய பதிவைச் சேர்க்கிறார். அந்த எண் ஏற்கெனவே உள்ளது என்று மறுத்தால் இரகசியம் வெளிப்படும். ஏற்றுக்கொண்டால் ஒரே விமானத்துக்கு இரண்டு சேருமிடங்கள் இருக்கும். 1980களின் பிற்பகுதியில் டோரதி டென்னிங், தெரசா லண்ட் ஆகியோர் பங்கேற்ற சீவியூ திட்டம் இரண்டு பதிவுகளையும் வைத்துக்கொள்ளும் வழியைத் தேர்ந்தது. இரகசியம் காக்க அமைப்பே பொய் சொல்ல வேண்டிவந்தது.

வணிக உலகுக்கு இந்த விதிகள் பொருந்தவில்லை. 1987இல் டேவிட் கிளார்க்கும் டேவிட் வில்சனும் அதைத் தெளிவாக எழுதினர். வங்கிக்கு முதல் கவலை கணக்கு பொய்யாக மாறுவது. ஆகவே, தரவை வரையறுக்கப்பட்ட பரிவர்த்தனைகள் வழியாக மட்டுமே மாற்ற வேண்டும். பொருளை வாங்க ஆணையிடுபவரும் பணம் கொடுக்க ஒப்புதல் தருபவரும் ஒருவராக இருக்கக் கூடாது. கணக்காளர்கள் நெடுங்காலமாகப் பின்பற்றிய நெறி இவ்வாறு கணினி விதியாயிற்று.

கடவுச்சொல்லை மறைத்து வைத்தல்

கடவுச்சொற்களை எழுதியபடியே சேமிப்பதன் ஆபத்து சிடிஎஸ்எஸ் நிகழ்வுகளிலேயே தெரிந்தது. திரும்ப மீட்க முடியாதபடி உருமாற்றிச் சேமிக்கும் முறையை 1960களிலேயே கேம்பிரிட்ஜில் ரோஜர் நீடம் அறிமுகப்படுத்தினார். பயனர் தரும் சொல்லை அதே முறையில் உருமாற்றி, சேமித்ததோடு ஒப்பிட்டால் போதும்.

பெல் ஆய்வகத்தின் ராபர்ட் மோரிஸும் கென் தாம்சனும் 1979இல் யூனிக்ஸ் கடவுச்சொற்களைப் பற்றி எழுதிய கட்டுரை இத்துறையின் செவ்வியல் ஆவணம். அவர்கள் 3,289 கடவுச்சொற்களை ஆராய்ந்தபோது 2,831 சொற்கள், அதாவது 86 விழுக்காடு, மிகக் குறுகியவையாகவோ அகராதியில் உள்ளவையாகவோ இருந்தன. தீர்வாக, உருமாற்றத்தை வேண்டுமென்றே மெதுவாக்கினர். மேலும், ஒவ்வொரு கடவுச்சொல்லுடனும் உப்பு என்று பெயரிட்ட ஒரு தற்செயல் எண்ணைச் சேர்த்தனர். இதனால் இருவருடைய கடவுச்சொல் ஒன்றாக இருந்தாலும் சேமிக்கப்படும் வடிவம் வேறாக இருக்கும். முன்கூட்டியே தயாரித்த ஒரே பட்டியலைக் கொண்டு எல்லோருடையதையும் உடைக்க முடியாது.

1988 நவம்பரில் இணையத்தை முடக்கிய புழு நிரல், மிகச் சாதாரணமான சொற்களின் பட்டியலைக் கொண்டும் கடவுச்சொற்களை ஊகித்தது. அதை எழுதியவர் ராபர்ட் மோரிஸின் மகன்.

புள்ளிவிவரத்திலிருந்து ஆளை அறிதல்

தனிப் பதிவைக் காட்டாமல் கூட்டுத்தொகையையும் சராசரியையும் மட்டும் தரும் தரவுத்தளம் பாதுகாப்பானது என்று முதலில் நம்பப்பட்டது. தேசியத் தரவு மையத்தை ஆதரித்தவர்களின் வாதமும் இதுவே. ஒரு கல்லூரியின் இயற்பியல் துறையில் ஒரே ஒரு பெண் பேராசிரியர் இருப்பதாகக் கொள்வோம். எல்லாப் பேராசிரியர்களின் மொத்தச் சம்பளத்தைக் கேட்டு, பிறகு அவரைத் தவிர்த்த மற்றவர்களின் மொத்தத்தைக் கேட்டுக் கழித்தால் அவருடைய சம்பளம் தெரிந்துவிடும். மிகச் சிலரையோ, மிகச் சிலரைத் தவிர்த்த எல்லோரையுமோ பற்றிய கேள்விக்கு விடை தராமல் தடுக்கலாம். ஆனால் அந்தத் தடையையும் பெரிய குழுக்களைப் பற்றிய சில கேள்விகளைக் கொண்டு சுற்றிவர முடியும் என்று டோரதி டென்னிங், பீட்டர் டென்னிங், மேயர் ஷ்வார்ட்ஸ் ஆகியோர் 1979இல் காட்டினர்.

1990களில் மாசசூசெட்ஸ் மாநில ஊழியர்களின் மருத்துவப் பதிவுகள் பெயர் நீக்கப்பட்டு ஆய்வாளர்களுக்கு வழங்கப்பட்டன. எம்ஐடி மாணவி லட்டன்யா ஸ்வீனி 20 டாலர் கொடுத்து கேம்பிரிட்ஜ் நகர வாக்காளர் பட்டியலை வாங்கினார். பிறந்த நாள், பாலினம், அஞ்சல் எண் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டு, ஆளுநர் வில்லியம் வெல்டின் மருத்துவப் பதிவைக் கண்டுபிடித்தார். 2006இல் சிந்தியா டுவோர்க்கும் சகாக்களும் விடைகளில் அளவோடு தற்செயல் பிழையைச் சேர்க்கும் முறையை வகுத்தனர். அமெரிக்காவின் 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இம்முறை பயன்பட்டது.

இணையக் காலம்: பழைய குறைகளின் மீள்வருகை

1990களில் தரவுத்தளங்கள் இணையதளங்களின் பின்னணியில் நின்றன. இதனால் பழைய பாதுகாப்பு ஏற்பாடு குலைந்தது. முன்பு ஒவ்வொரு பயனரையும் தரவுத்தளம் அறிந்திருந்தது; அவரவருக்கு உரிய அனுமதியை அதுவே சரிபார்த்தது. இப்போது லட்சக்கணக்கான பார்வையாளர்களும் இணைய நிரல் வைத்திருக்கும் ஒரே கணக்கின் வழியாக வந்தனர். பெரும்பாலும் அந்தக் கணக்குக்கு எல்லா அனுமதியும் இருந்தது. வாசல் காவலர் இருந்தார். எல்லோரும் ஒரே அடையாள அட்டையுடன் உள்ளே சென்றார்கள்.

1998 டிசம்பரில் ஜெஃப் ஃபாரிஸ்டல் ஃப்ராக் மின்னிதழில் விவரித்த எஸ்கியூஎல் உட்செலுத்தல் தாக்குதல் இந்த நிலையிலிருந்து எழுந்தது. இணையதளத்தில் பெயரை நிரப்பும் கட்டத்தில் ஒருவர் பெயருக்குப் பதிலாக ஒரு மேற்கோள் குறியும், அல்லது 1 = 1 என்ற நிபந்தனையும் எழுதுகிறார். நிரல் அதை அப்படியே வினவலோடு ஒட்டினால் நிபந்தனை எப்போதும் உண்மையாகி, அட்டவணை முழுவதும் திறந்துகொள்ளும். வினவலின் வாசகத்தையும் பயனர் தரும் மதிப்பையும் தனித்தனியாக அனுப்புவதே தீர்வு. நிரலின் மாறிகளை வினவலுக்குள் மதிப்பாக மட்டும் தரும் வசதி 1970களில் சிஸ்டம் ஆரிலேயே இருந்தது.

2003 ஜனவரி 25 அன்று ஸ்லாமர் என்ற புழு மைக்ரோசாஃப்ட் எஸ்கியூஎல் சர்வரைத் தாக்கியது. வெறும் 376 பைட்டு அளவுள்ள அது ஏறத்தாழ 75,000 கணினிகளில் பரவியது. தாக்கத்தக்க கணினிகளில் 90 விழுக்காட்டைப் பத்தே நிமிடங்களில் எட்டியது. உள்ளீட்டின் அளவைச் சரிபார்க்காததே காரணம். ஆண்டர்சன் 1972இல் எழுதிய குறையின் இனத்தைச் சேர்ந்தது அது. அதற்கான திருத்தம் ஆறு மாதங்களுக்கு முன்பே வெளியிடப்பட்டிருந்தது, பலர் நிறுவிக்கொள்ளவில்லை.

2009 டிசம்பரில் ராக்யூ நிறுவனத்தின் தரவுத்தளத்திலிருந்து 3.2 கோடி கடவுச்சொற்கள் எஸ்கியூஎல் உட்செலுத்தல் வழியாகக் களவுபோயின. அவை எழுதியபடியே சேமிக்கப்பட்டிருந்தன. மோரிஸ், தாம்சன் கட்டுரை வெளியாகி முப்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. அவற்றில் அதிகம் பேர் பயன்படுத்திய கடவுச்சொல் 123456. 2015இல் பிரிட்டனின் டாக்டாக் தொலைத்தொடர்பு நிறுவனத்திலும் அதே முறையில் 1,56,959 வாடிக்கையாளர்களின் விவரங்கள் கசிந்தன. அந்நாட்டின் தகவல் ஆணையர் நிறுவனத்துக்கு 4 லட்சம் பவுண்டு அபராதம் விதித்தார்.

மறைகுறியாக்கத்தின் பங்கும் எல்லையும்

அமெரிக்க அரசு 1977இல் டிஇஎஸ் என்ற மறைகுறியாக்க முறையையும், அது வலுவிழந்தபின் 2001இல் ஏஇஎஸ் முறையையும் தரமாக ஏற்றது. 2000க்குப் பிறகு வணிகத் தரவுத்தளங்கள் வட்டில் எழுதும் தரவைத் தாமாகவே மறைகுறியாக்கும் வசதியைப் பெற்றன. வட்டோ காப்புப் பிரதியோ திருடுபோனால் இது காக்கும். ஆனால் முறையான வாசல் வழியாக வரும் கேள்விக்குத் தரவுத்தளம் தானே மறைப்பை அவிழ்த்து விடை தரும். உட்செலுத்தல் தாக்குதல் அந்த வாசல் வழியாகவே வருவதால் அதை இது தடுப்பதில்லை.

மதிப்பீடு

பார்வை, அனுமதிக் கட்டளைகள், பூட்டு, மீட்புப் பதிவேடு, உப்பிட்ட கடவுச்சொல், கண்காணிப்பு வாயில் ஆகியவை இன்றைய தரவுத்தளங்களிலும் இயங்குதளங்களிலும் பெரிய மாற்றமின்றித் தொடர்கின்றன. இவற்றை உருவாக்கியவர்கள் சில ஆயிரம் பயனர்களை மனத்தில் வைத்து எழுதினார்கள். இன்று கோடிக்கணக்கானோரின் வங்கிக் கணக்கும் மருத்துவக் குறிப்பும் அடையாள எண்ணும் இவற்றின் மீதே நிற்கின்றன.

கசிவுகளின் வரலாற்றைத் தொகுத்துப் பார்த்தால், அறியாத குறையால் விளைந்தவற்றைவிட அறிந்தும் கவனிக்கப்படாத குறையால் விளைந்தவையே மிகுதியாகத் தெரிகின்றன. தரவைச் சேர்ப்பதால் வரும் ஆதாயம் சேர்ப்பவருக்கு உடனே கிடைக்கிறது. காக்கத் தவறியதன் இழப்பு பெரும்பாலும் அந்தத் தரவில் பெயர் உள்ளவருக்கே நேர்கிறது. தரவை வைத்திருப்பவரே அதன் காப்புக்குப் பொறுப்பு என்று 1973இல் வேர் குழு எழுதிய நெறி இந்த இடைவெளியைக் குறிவைத்தது. அதன் பின் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டங்கள் அனைத்தும் அதே பொறுப்பை வெவ்வேறு சொற்களில் வலியுறுத்துகின்றன.